பூவரசங்குளம் கண்மாயின் முன்னும் பின்னும்

தென்கரிசல் மரபு நிலவெளிப் பாதுகாப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். இதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவருக்குச் சம்பளமே அதற்குத்தான் கொடுத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. பூவரசங்குளத்து ஜனங்கள் அத்தனை சிரமப்படவில்லை. ‘வளைவுத் திட்டம்’ என்று சுருக்கிவிட்டார்கள். ஏனென்றால் திட்டம் ஊருக்குள் வந்ததும் முதல் காரியமாகக் கண்மாய்க்குப் போகும் வண்டிப்பாதையில் ஒரு சிமெண்டு வளைவைக் கட்டி, ‘மரபு நிலவெளி தங்களை அன்புடன் வரவேற்கிறது’ என்று எழுதி வைத்தது. வளைவின் உயரம் கொஞ்சம் கம்மி. சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் அதற்குள் நுழையாது. அன்றிலிருந்து டிராக்டர்கள் எல்லாம் அந்த அன்பான வரவேற்பைச் சுற்றிக்கொண்டு, புறம்போக்கு வழியாகப் போய் வந்தன.

ஒரே மூச்சில் சொல்லக்கூடிய அந்த ஒருவர் மணிகண்டராஜ். திட்டத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர். வேலை என்னவோ ஒப்பந்த வேலைதான். ஆனால் விருதுநகரில் ஒரு மாடி அறை, வாசலில் பெயர்ப்பலகை, எங்கே போனாலும் ‘சார்’ என்று எழுந்து நிற்க நாலு பேர் என்று அவருக்கு அது நன்றாகவே பழகிவிட்டிருந்தது. நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். கெட்டது செய்யத் தேவையான துணிச்சல் அவரிடம் இல்லை. நல்லது செய்யவும் ஏறத்தாழ அதே அளவு துணிச்சல் வேண்டியிருக்கிறது என்பதுதான் சங்கடம்.

திட்டத்தின் முதல் கட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டாம் கட்டம் கிடைத்தால் பெயர்ப்பலகை நிலைக்கும். கிடைக்காவிட்டால் சிவகாசியில் மச்சான் ராஜபாண்டியனின் காலண்டர் பிரஸ்தான். மனைவி சுப்புலட்சுமியின் அண்ணன் அவர். எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துப் பேர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லுவார்: “மாப்ளைக்குன்னு நம்ம பிரஸ்ல ஒரு மேசை போட்டு வச்சிருக்கேன். எப்ப வேணாலும் வந்து உக்காருங்க.” அந்த மேசையை மணிகண்டராஜ் பார்த்திருக்கிறார். பேக்கிங் செக்‌ஷனில், பசை வாளிக்கும் பண்டல்களுக்கும் நடுவில் இருந்தது. வீட்டில் மாப்பிள்ளையாகவும் பிரஸ்ஸில் மச்சானிடம் சம்பளம் வாங்குகிறவராகவும் இருப்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

“அண்ணன்தான இம்புட்டு ஆசையாக் கூப்பிடுது, போனா என்ன?” என்பாள் சுப்புலட்சுமி.

“அந்த ஆசைதான் எனக்குப் பயமா இருக்கு” என்பார் இவர்.

இரண்டாம் கட்டம் கிடைப்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்திருந்தது. மதிப்பீடு. இத்தனை வருடம் செய்த பாதுகாப்பு பலன் தந்ததா என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

பலன் தராமலா போய்விடும்? வளைவு இருந்தது. கண்மாய்க்கரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பேவர் பிளாக் பதித்த நடைபாதை இருந்தது. நின்று போட்டோ எடுத்துக்கொள்ள இதய வடிவத்தில் ஒரு கம்பிச் சட்டம் இருந்தது. ‘நீரைக் காப்போம்’ என்று முதுகில் எழுதிய சிமெண்டு பெஞ்சுகள் இருந்தன. கண்மாயில் தண்ணீர் மட்டும்தான் இல்லை.

அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஓடைத் தண்ணீர் கண்மாய்க்குள் இறங்கும் வரத்துக்கால், கரையின் வடக்கு முனையில் இருந்தது. சென்னையில் வரைந்த படத்தில் நடைபாதை கண்மாயைச் சுற்றி ஒரு முழு வட்டமாக வந்தது. வட்டத்தில் ஓட்டை விழுந்தால் அழகு கெட்டுப் போகும் என்று வரைந்தவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே வரத்துக்காலை மண் போட்டு மூடி, மேலே பேவர் பிளாக் பதித்து, அதற்கும் மேலே ஒரு பெஞ்சையும் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு வந்த மழைக்காலங்களில் ஓடைத் தண்ணீர் பெஞ்சு வரைக்கும் வந்தது, கொஞ்ச நேரம் தயங்கி நின்றது, பிறகு வலது பக்கம் திரும்பி ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து சாத்தூர்ப் பக்கம் போய்விட்டது.

இது ஊருக்கே தெரியும். மணிகண்டராஜுக்கும் தெரியும். பஞ்சாயத்துத் தலைவி பாண்டிமீனா ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து இதை மட்டுமே சொல்லுவாள். கண்மாய்க்குக் கீழே அவளுக்கும் நிலம் உண்டு. ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. பெஞ்சைத் தூக்கிப் பாதையை ஒரு இடத்தில் உடைத்தால் தீர்ந்தது. ஆனால் அது ‘முடிக்கப்பட்ட பணி’. முடிக்கப்பட்ட பணியை உடைத்தால், அப்படியானால் ஏன் முடித்தாய் என்று மேலிருந்து கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் எழுத வேண்டும். அதற்குப் பயந்து மணிகண்டராஜ் கண்மாயைக் காயவிட்டுவிட்டு, அறிக்கையில் ‘நீர்ப்பிடிப்பு: மிதமானது’ என்று எழுதி வந்தார்.

மதிப்பீட்டுக்கு வந்தவர் பியூலா. சென்னையில் வேலை, ஆனால் சாத்தூர்க்காரி. தாயார் பாக்கியவதி அந்தப் பக்கத்தில் நர்ஸாக இருந்தவர். சொந்தச் சீமைக்காரி வருகிறாள் என்றதும் மணிகண்டராஜுக்கு மகிழ்ச்சி. சொந்தச் சீமைக்காரிக்குக் கண்மாய் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆவணி வெயிலில் பியூலா கரையைச் சுற்றி நடந்தார். கூடவே பாண்டிமீனாவும் நடந்தாள். வடக்கு முனைக்கு வந்ததும் பாண்டிமீனா பெஞ்சைத் தன் முந்தானையால் துடைத்து விட்டாள்.

“உக்காருங்க மேடம். மளைக்காலத்துல வந்து இந்தப் பெஞ்சியில உக்காந்து பாக்கணும் நீங்க. இந்தப் பக்கம் பாத்து உக்காந்தா காஞ்ச கம்மாய் தெரியும். அந்தப் பக்கம் திரும்பி உக்காந்தா தண்ணி வீணாப் போறது தெரியும். ரெண்டையும் எந்திரிக்காமப் பாக்குற வசதி வேற எந்த ஊர்லயும் கெடையாது. சார்தான் செஞ்சு குடுத்தாக.”

பியூலா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டினார். மணிகண்டராஜ் தூரத்தில் தெரிந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் கொட்டகைகளை, அன்றுதான் முதல் முறை பார்ப்பவர் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் பியூலா வெளிப்படையாகச் சொன்னார். “சார், வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்குன்னு எழுதத்தான் செய்வேன். அறிக்கைக்குள்ள எங்கயாவது அது இருக்கும். ஆனா இரண்டாம் கட்டத்தை முடிவு பண்ற கமிட்டியில யாரும் அதைப் படிக்கப் போறதில்ல. முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். அது ரெண்டையும்தான் பாப்பாங்க. நல்ல தாள்ல அச்சடிச்சு அனுப்புங்க. என் பங்குக்கு அம்புட்டுதான் நான் உதவ முடியும்.”

மணிகண்டராஜுக்கு உயிர் வந்தது. படம்தானே.

மரபுப் பாதுகாப்புத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ‘முன்’ படத்தைச் சித்திரை மாத மத்தியானத்தில், ஆடு கூட நிழல் தேடும் வேளையில் எடுப்பார்கள். ‘பின்’ படத்தை ஒரு மழை பெய்து ஓய்ந்த காலையில் எடுப்பார்கள். நடுவில் திட்டம் எதுவும் நடக்காவிட்டாலும் பலன் கண்ணுக்குத் தெரியும். மணிகண்டராஜும் அப்படித்தான் எடுத்து வைத்திருந்தார். அவருடைய ‘முன்’ படம் துறையில் உள்ளவர்கள் பொறாமைப்படக் கூடியது. வெடித்த கரிசல் மண், சீமைக்கருவேலம் முள், ஒரு உடைந்த பிளாஸ்டிக் வாளி, அதை வெறித்துப் பார்க்கும் ஒரு வெள்ளாடு. ‘பின்’ படத்தில்தான் கொஞ்சம் சிக்கல். மழை பெய்த மறுநாளே எடுத்தும் அதில் நடைபாதைதான் பளிச்சென்று இருந்தது. கண்மாய் வெளுத்துக் கிடந்தது.

அச்சு வேலையை எங்கே கொடுப்பது? சிவகாசியில் மச்சானை வைத்துக்கொண்டு வேறு பிரஸ்ஸுக்குப் போனால் சுப்புலட்சுமி வீட்டுக்குள் விடமாட்டாள்.

போன நேரம் காலண்டர் சீசன். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டு, ஆர்டர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. மிஷின் சத்தத்தில் ராஜபாண்டியன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“வாங்க மாப்ளே. சாப்பிட்டீகளா? மேசையப் பாத்துட்டுப் போக வந்தீகளா?”

மணிகண்டராஜ் ‘பின்’ படத்தை எடுத்துக் காட்டினார். “மச்சான், இதுல லேசா, ரொம்ப லேசாப் பச்சைய மட்டும் கூட்டுங்க. கை வச்சது தெரியக் கூடாது. மத்ததெல்லாம் நம்ம வளக்கம் போல அடிச்சிருங்க.”

சிவகாசியில் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ராஜபாண்டியனின் பிரஸ்ஸுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் படமும் காய்ந்த முகத்தோடு வெளியே போகக் கூடாது. வானம் நீலமாக இருக்க வேண்டும், தண்ணீர் ததும்ப வேண்டும், சும்மா கிடக்கும் மூலையில் ஒரு பூவாவது பூக்க வேண்டும். வருடம் முழுக்கச் சுவரில் தொங்குவதை யாராவது வறட்சியாக வாங்குவார்களா? ‘பின்’ படத்துக்கு மாப்பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டார். அதில் இம்மி பச்சை கூட்டினார்கள். ‘முன்’ படத்துக்கு எதுவும் சொல்லவில்லை. அதற்குக் கம்பெனி வழக்கம்.

புரூஃப் வந்ததா என்றால், வந்தது. வாட்ஸப்பில் வந்ததை மணிகண்டராஜ் பார்க்கவும் செய்தார். முன்பக்கத்தில் பெரிய மனிதர்களின் பெயர்கள் பதவி வரிசைப்படி இருக்கின்றனவா, யாருக்காவது இனிஷியல் விட்டுப் போயிருக்கிறதா என்று வியர்வை வழியப் பார்த்தார். அதில் ஒரு பிழை கிடையாது. உடனே ‘ஓகே’ போட்டார். கட்டுகள் பிரஸ்ஸிலிருந்தே லாரியேறிச் சென்னைக்குப் போய்விட்டன.

புரட்டாசியில் கமிட்டி கூடியது. நீள மேசை, குளிர்ந்த அறை. குழுத் தலைவர் பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை போலும். அவர் அறிக்கையைத் திறந்து, பியூலா எழுதியதை எல்லாம் ஒரே புரட்டாகப் புரட்டி, படப் பக்கத்தில் நின்றார். நின்றவர் அதை விட்டு நகரவில்லை.

“என்ன அழகு” என்றார்.

மணிகண்டராஜ் அடக்கமாகத் தலையைக் குனிந்தார். குனிந்தபோதுதான் தன் முன்னால் கிடந்த பிரதியைப் பார்த்தார். ‘முன்’ என்று போட்டிருந்த படத்தில் கண்மாய் கரை தொட்டு நிறைந்திருந்தது. நீல நீரில் செந்தாமரைகள். அவை லட்சுமி காலண்டரிலிருந்து எடுத்தவை என்பது ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்தது. பின்னால் பனி மூடிய ஒரு மலை. வெள்ளாடு இருந்த இடத்தில் ஒரு புள்ளிமான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ‘பின்’ படம்: வெளுத்த கண்மாய், அதைச் சுற்றிச் சிவப்பு மஞ்சள் நடைபாதை, எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட கொஞ்சம் பச்சை.

“இவ்வளவு அழகான இடத்தை இப்படி ஆக்குவதற்கா இத்தனை வருஷம்?” என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. அந்த மான் அவரை உண்மையிலேயே உலுக்கிவிட்டது.

மணிகண்டராஜ் வாயைத் திறந்தார். படம் பொய் என்று சொன்னால், யார் செய்தது என்று கேட்பார்கள். அதோடு அடுத்த படத்தையும் உற்றுப் பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டார். பியூலா சாத்தூர்க்காரி அல்லவா. பனிமலையைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சற்று யோசித்துவிட்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னார்:

“சார், ஒரே வழிதான் இருக்கு. திட்டத்துல கட்டினதை எல்லாம் எடுத்துட்டு, இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வரணும். முக்கியமா வடக்குப் பக்கத்து நடைபாதையை. அதுக்கப்புறம் இரண்டாம் கட்டத்தைப் பத்தி முடிவு பண்ணலாம்.”

கமிட்டி ஏகமனதாக ஒப்புக்கொண்டது. வெளியே வந்ததும் மணிகண்டராஜ் மச்சானுக்குப் போன் போட்டார்.

“பளைய படம் ரொம்ப அளுதுக்கிட்டு இருந்துச்சு மாப்ளே. பாக்கவே பாவமா இருந்துச்சு. நம்ம மாப்ளை வேலையாச்சேன்னு நானே மிஷின விட்டுட்டு வந்து உக்காந்து செஞ்சேன். மான் நல்லா வந்துருக்குல்ல?” என்றார் ராஜபாண்டியன்.

மணிகண்டராஜ் போனை வைத்துவிட்டார். அன்பால் செய்த காரியத்துக்கு யாரைத் திட்டுவது?

அடுத்த வாரமே ஜேசிபி பூவரசங்குளத்துக்குள் வந்தது. முதலில் வளைவு விழுந்தது. பிறகு இதயச் சட்டம். வடக்கு முனையில் பெஞ்சைப் பெயர்த்து, பாதையை உடைத்து, மூடிய மண்ணை வாரி வெளியே கொட்டியபோது, பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன சார், திடீர்னு நல்ல புத்தி?” என்றாள் பாண்டிமீனா.

“மேலிடத்து உத்தரவும்மா.”

“அதான பாத்தேன்” என்றாள் அவள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருடம் வானத்துக்கு என்ன கோபமோ, தீபாவளி முடிந்த கையோடு நாள் தவறாமல் பெய்தது. ஓடைத் தண்ணீர் பழைய இடத்துக்கு வந்தது. தடுக்க யாரும் இல்லை என்றதும் தட்டுத் தடுமாறிக் கண்மாய்க்குள் இறங்கியது. கார்த்திகைக் கடைசியில் கண்மாய் நிறைந்துவிட்டது. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த நேரம். ஊரே கரையில் நின்றது. மணிகண்டராஜும் குடையோடு நின்றார். கரிசல் காட்டுத் தண்ணீர் டீ நிறத்தில், சருகும் நுரையுமாகச் சுழன்று கிடந்தது. எங்கிருந்தோ கொக்குகள் வந்துவிட்டன; யாரும் கம்ப்யூட்டரில் ஒட்டாத கொக்குகள். மணிகண்டராஜுக்கு, இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை என்று தோன்றியது. தான் செய்ததிலேயே உருப்படியான காரியம், தான் செய்ததை உடைத்ததுதான் என்பதும் கூடவே தோன்றியது. தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும் என்று நின்றார்.

மார்கழியில் பியூலா மறுபடியும் வந்தார். கரையில் வெகுநேரம் நின்றார். “இப்ப நெசமாவே நல்லா இருக்கு சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

இந்த முறை மணிகண்டராஜ் படத்தைத் தானே பிரஸ்ஸுக்குக் கொண்டு போய், மிஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். “எதையும் தொடாதீக மச்சான். உள்ளபடி இருக்கட்டும்.”

“ரொம்பக் கலங்கலா இருக்கே மாப்ளே. நீலத்தக் கொஞ்சம்...”

“வேண்டாம்.”

“ஒரு தாமரையாவது?”

“ஒண்ணும் வேண்டாம் மச்சான். இதுதான் எங்க கம்மாய்.” சொன்ன பிறகுதான் ‘எங்க’ என்று சொன்னதைக் கவனித்தார்.

தையில் கமிட்டி கூடியது. தலைவர் அந்தப் பழைய ‘முன்’ படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“முன்னேற்றம் இருக்கிறது. மறுப்பதற்கில்லை” என்றார். “ஆனால் தண்ணீர் பழுப்பாக இருக்கிறது. தாமரை இல்லை. மானைக் காணோம். பழைய நிலையை எட்ட இன்னும் வெகுதூரம் போக வேண்டும். இரண்டாம் கட்டம் கட்டாயம் தேவை.”

மேசையைச் சுற்றித் தலைகள் ஆடின. தாமரைக்குச் சேறு ஆகாது, ஆகவே அடியில் சிமெண்டுத் தளம் போட வேண்டும் என்றார் ஒருவர். தாமரை பூத்தால் மக்கள் பார்க்க வருவார்கள், ஆகவே சுற்றிலும் நடைபாதை வேண்டும் என்றார் இன்னொருவர். இந்தத் தடவையும் முழு வட்டமாகவே போட்டுவிடலாம் என்று பேச்சு போனது.

மணிகண்டராஜ் எழுந்து நின்றுவிட்டார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. “ஐயா, அந்த முதல் படம் பொய். அது எங்க மச்சான் பிரஸ்ல ஒட்டின தாமரை. அந்த ஊர்ல மானும் கிடையாது, மலையும் கிடையாது. இப்ப இருக்கிறதுதான் கண்மாய். அதை இப்படியே விட்டாலே போதும் ஐயா.”

பியூலா மெல்ல நிமிர்ந்து பார்த்தார். மணிகண்டராஜுக்குப் பசை வாளியும் பண்டல்களும் கண்ணில் தெரிந்தன. பரவாயில்லை, உட்கார்ந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

தலைவர் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

“அப்படியானால் இது நடந்த ஒன்றல்ல, நடக்க வேண்டிய ஒன்று” என்றார். “மிக நல்ல யோசனை. இதையே இரண்டாம் கட்டத்தின் இலக்காக வைத்துக்கொள்வோம். இவ்வளவு பற்றுள்ள ஒருங்கிணைப்பாளரை மாற்றவே கூடாது.”

கூட்டக் குறிப்பில், ஒருங்கிணைப்பாளரின் ஆலோசனைப்படி அந்தப் படம் இலக்காக ஏற்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள். கைதட்டலும் இருந்தது. உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் தனக்கு நிம்மதியாகவும் இருந்ததை மணிகண்டராஜ் கவனித்தார். அதற்காக வெட்கப்பட்டார்.

மறுநாள் சுப்புலட்சுமி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். மணிகண்டராஜ் பூவரசங்குளத்துக்குப் போனார். கண்மாய்க்குக் கீழே வயல்கள் பச்சையாகக் கிடந்தன. மடை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாண்டிமீனா மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றாள். இவரைப் பார்த்ததும் கரையேறி வந்தாள். அன்று முதல் முறையாக அவள் முகத்தில் கேலி இல்லை.

“வாங்க சார். மெட்ராஸ் போனீகளாமே, ஒங்க வேல என்னாச்சு? எங்க கம்மாய நெறச்சுக் குடுத்த மனுசனுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதேன்னு ஊரே வேண்டிக்கிட்டு இருக்கோம்.”

“வேலைக்கு ஒண்ணும் இல்லம்மா. திட்டத்த இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சுட்டாக. மறுபடியும் இங்கனதான்.”

பாண்டிமீனா கண்மாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

“நாங்க என்ன சார் தப்பு செஞ்சோம்?” என்றாள்.